இரண்டாம் பருவம் திறக்கிறது: பாடம் நான் நடத்துகிறேன், வயலை நீங்கள் உழுது வையுங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்றே இரண்டாம் பருவப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவோம். அன்று சாயங்காலம் என் தொலைபேசி சும்மா இருக்காது. பேசுபவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, “டீச்சர், புத்தகத்தைப் பார்த்துவிட்டோம், இன்றைக்கே முதல் பாடத்தை ஆரம்பித்துவிடட்டுமா?” என்று கேட்கும். இன்னொரு கட்சி, “நான் எட்டாவதோடு நின்றவள் டீச்சர், எனக்கு இதெல்லாம் புரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கையை விரித்துவிடும்.

இரண்டு கட்சிக்கும் என் பதில் ஒன்றுதான். மன்னார்குடிப் பக்கத்து ஊர் என்பதால் வயல் கணக்கிலேயே சொல்லிவிடுவேன். நாற்றும் நானே கொண்டுவருகிறேன், நடவும் நானே நடுகிறேன். நீங்கள் உழுது, பரம்படித்து, வயலைத் தயாராக வையுங்கள். பாடத்தை வீட்டிலேயே முன்கூட்டி நடத்தி முடித்துவிட்டால் அந்தப் பிள்ளை வகுப்பில் கொட்டாவி விடும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். வயலே தயாராகாத பிள்ளைக்கோ நான் ஊன்றும் நாற்றெல்லாம் மறுநாள் மிதக்கும்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என் பொறுப்பு. ஆகவே இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த மூன்று வகுப்புப் பிள்ளைகளின் வீட்டாருக்கு. பெரிய வகுப்புக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அட்டை போடும்போதே பொருளடக்கத்தைப் பாருங்கள்

பருவ முறை 2012-13 கல்வியாண்டில் வந்தது. அதற்கு முன் ஓர் ஆண்டுக்கான பாடம் முழுவதும் ஒரே புத்தகத்தில் ஜூன் மாதமே கைக்கு வந்துவிடும். தீபாவளிக்குள் அட்டை போய்விடும், பொங்கலுக்குள் கடைசி நான்கு பாடங்களும் போய்விடும். பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் பக்கம் இருக்காது. இப்போது மூன்று பருவம், ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம். ஒரு தொகுதியில் தமிழும் ஆங்கிலமும், இன்னொன்றில் கணக்கும் சூழ்நிலையியலும். மூன்றாம் வகுப்பிலிருந்து சூழ்நிலையியல் இருந்த இடத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியே வரும்.

புத்தகத்துக்கு அட்டை போடும் வேலையைப் பெரும்பாலான வீடுகளில் அம்மாவோ அக்காவோ செய்து முடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்த அரைமணி நேரம்தான் உங்களுக்கு இந்தப் பருவத்தில் கிடைக்கப்போகும் நல்ல நேரம். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய செய்தித்தாளை மடிக்கச் சொல்லி, நடுவில் பொருளடக்கத்தைத் திறந்து ஒவ்வொரு தலைப்பாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் நீங்கள் படியுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இது நம் வீட்டில் எங்கே இருக்கிறது?”

அளவைகள் என்று ஒரு தலைப்பு. அது சமையல்கட்டில் இருக்கிறது, படியாக, கரண்டியாக. காலம் என்று ஒன்று. அது சுவரில் ஆணியில் தொங்குகிறது, தினமும் ஒரு தாள் கிழிகிறது. பணம் அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்கு அடியில் இருக்கிறது. (அதைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமா என்பது உங்கள் பாடு.) வீட்டில் இல்லாத தலைப்பு வந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வையுங்கள். அந்த வட்டங்கள்தான் நான் கூடுதலாக மெனக்கெட வேண்டிய இடங்கள். பிள்ளையின் புத்தகத்தில் அப்படி நான்கு வட்டம் இருந்தால் எனக்கு அதுவே பெரிய கடிதம்.

பொருளடக்கப் பக்கத்தின் கீழே கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒன்று இருக்கும். விரைவுத் துலங்கல் குறியீடு என்று பெயர். தொலைபேசியால் வருடினால் பாடத்துக்கான படக்காட்சிகள் வரும். நல்லதுதான். ஆனால் அதைத் திறந்த பிள்ளை அடுத்த பத்தாவது நிமிடம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறங்கள்.

அரும்பு என்று சொன்னால் அழ வேண்டாம்

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகளை அன்று நான் பார்த்தேன். பென்சிலை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கினோம். அடுத்த ஜூனில், 2022இல், எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வரை, பிறகு நான்கு, ஐந்துக்கும் நீட்டித்தார்கள். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்ப்போம். ஒன்றாம் வகுப்புக்குரிய திறன் அரும்பு, இரண்டுக்குரியது மொட்டு, மூன்றுக்குரியது மலர்.

இதில்தான் வம்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் அரும்பு நிலையில் இருக்கிறான் என்று கூட்டத்தில் சொன்னால் சில அம்மாக்களுக்கு முகம் தொங்கிப்போகிறது. போன பருவத்தில் ஒரு பாட்டி நேராகவே கேட்டுவிட்டார்: “என் பேரனை இறக்கிவிட்டீர்களா டீச்சர்?” இறக்கவில்லை அப்பாயி. அவன் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன், அவ்வளவுதான். அதே பையன் கணக்கில் மலர். அவனுக்குக் கணக்கில் நான் கொடுக்கும் வேலையைப் பார்த்தால் நீங்களே மலைத்துப்போவீர்கள். ஒரே பிள்ளை மூன்று பாடத்தில் மூன்று நிலையில் இருக்கலாம்.

ஆகவே பருவம் தொடங்கும்போது என்னிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, “என் பிள்ளை எந்த நிலை?” என்பதோடு நின்றுவிடக்கூடாது. “அடுத்த நிலைக்குப் போக எது தடுக்கிறது?” என்று கேளுங்கள். அதற்கு என்னிடம் எப்போதும் ஒரு வரிப் பதில் இருக்கும். கொம்பு வராமல் திணறுகிறாள். பத்தைத் தாண்டி எண்ணும்போது விரலை விடமாட்டேன் என்கிறான். இப்படித்தான் இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வீட்டில் வேலை செய்யலாம்.

தமிழ்: துவரம்பருப்புக்குள் மூன்று வீடு

ஒன்றாம் வகுப்புக்காரர்களுக்கு இனி உயிர்மெய்க் காலம். பெற்றோர் செய்யும் முதல் வேலை, 216 எழுத்தையும் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டுவது. பிள்ளை அதைப் பாட்டாகப் பாடிவிடும். க கா கி கீ என்று ஓடும். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் மறுபடியும் க-விலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் சொல்லும். பக்கத்து ஊரில் ட்யூஷன் போய்வந்த ஒரு பையன் இப்படித்தான். பாடல் முழுவதையும் தலைகீழாகச் சொல்வான், அந்தப் பாடலில் ‘மரம்’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விரல் பக்கம் முழுக்க அலையும்.

பிள்ளைகள் இடறும் இடம் பெரும்பாலும் உகர வரிசை. மற்ற வரிசைகளில் ஒரே குறி எல்லா எழுத்துக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். உகரமும் அதன் நெடிலான ஊகாரமும் மட்டும் எழுத்துக்கு எழுத்து வேஷம் மாறும். பல ஆண்டு நானும் ஒவ்வொன்றாக எழுத வைத்துத்தான் மாரடித்தேன். ஒருநாள் உகர வரிசை பதினெட்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு நின்று பார்த்தபோது, அவை மூன்றே வீட்டுக்காரர்கள் என்று தெரிந்தது. கோடு கீழே இறங்கும் வீடு: ஙு, சு, பு, யு, வு. ஐந்து பேர். வளைந்து சுழிக்கும் வீடு: கு, டு, மு, ரு, ழு, ளு. ஆறு பேர். வலப்பக்கம் கால் ஊன்றும் வீடு: ஞு, ணு, து, நு, லு, று, னு. ஏழு பேர். ஐந்து, ஆறு, ஏழு, கூட்டினால் பதினெட்டு. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே பிடித்துப்போய்விட்டது. ‘லு எந்த வீடு?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, ரேஷன் கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவது. வரிசையில் நிற்கும் நேரம் வீண்தானே. பலகையில் அரிசி, சர்க்கரை, கோதுமை, துவரம்பருப்பு, பாமாயில் என்று எழுதியிருக்கும். துவரம்பருப்பைக் காட்டி, “இதில் உகரம் எத்தனை?” என்று கேளுங்கள். து, ரு, பு. மூன்று எழுத்து, மூன்றும் மூன்று வீடு. இப்படிப்பட்ட சொல்லை நான் தேடிப்பிடித்தால்கூடக் கிடைக்காது. கடையில் இருப்பு இல்லாவிட்டாலும் எழுத்து கிடைக்கும்.

இரண்டாம் வகுப்பில் கொம்பு. ‘கொடி’ என்று எழுதிக் காட்டினால் சில பிள்ளைகள் ‘கெரடி’ என்று படிப்பார்கள். சிரிக்காதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. முன்னால் கொம்பைப் பார்த்துக் ‘கெ’ என்கிறது பிள்ளை. பின்னால் இருக்கும் துணைக்கால் அதன் கண்ணுக்கு ‘ர’ மாதிரித் தெரிகிறது. எழுத்து முன்னும் பின்னும் இரண்டு குறிகளைக் கட்டிக்கொண்டு நின்றாலும் ஒலி ஒன்றுதான் என்பது யாராவது சொன்னால்தான் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில் சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். கொ என்ற முழு எழுத்தும் அந்தச் சன்னலில் தெரிகிற அளவுக்கு இருக்கட்டும். படிக்கும்போது சன்னலை நகர்த்திக்கொண்டே போனால், எது வரை ஓர் எழுத்து என்று கண்ணுக்குப் பழகிவிடும். பத்து நாள் போதும்.

மூன்றாம் வகுப்பில் ண, ன, ந, ல, ள, ழ, ர, ற எல்லாம் பிழையாக வரும். எழுதியதைத் திருத்துவதைவிடப் பேசும்போது நீங்கள் நாக்கை மடித்துச் சொல்வது நல்லது. பேச்சில் மழையை ‘மளை’ ஆக்குகிற வீட்டில் பிள்ளை மட்டும் ‘ழ’ எழுதவேண்டும் என்றால் அது எங்கிருந்து எழுதும்? எங்கள் ஊரில் ‘வாளைப்பளம்’ சாப்பிடாத வீடு குறைவு. நானும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள்தான்.

கணக்கு: நூறு இல்லாத தொண்ணூறு, திருப்பித் தராத கடன்

வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள், காலம், தகவல் செயலாக்கம். எந்த வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தாலும் இவைதான் பருவத்துக்குப் பருவம் சுற்றிச் சுற்றி வரும். போன ஆண்டு பார்த்த தலைப்பே மறுபடியும் வந்திருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்பில் ‘எண்கள்’ எண்ணச் சொல்லும், நான்காம் வகுப்பில் பெருக்கி வகுக்கச் சொல்லும்.

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2007 வாக்கில், செயல்வழிக் கற்றல் அட்டைகள் பள்ளிக்கு வந்த புதிதில், நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தொண்ணூற்று மூன்று எழுதச் சொன்னேன். ஒரு பையன் 103 என்று எழுதினான். கவனமில்லை என்று திட்டினேன். மறுநாளும் 103. அதற்கும் திட்டு. வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, தொண்ணூறு என்று நான் சொன்னபோது அவன் காதில் விழுந்தது ‘நூறு’. எண்பது வரை பத்தை வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டு வந்த தமிழ், தொண்ணூறில் திடீரென்று நூறைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரத்தை வைத்துக்கொள்கிறது. இதைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் நமக்குப் பழகிவிட்டது. அவன் சரியாகத்தான் கேட்டான். இன்று அவன் டிராக்டர் ஓட்டுகிறான். பார்க்கும்போதெல்லாம் ‘வணக்கம் டீச்சர்’ என்கிறான், எனக்கு 103 நினைவுக்கு வருகிறது.

ஆகவே எண்பத்தொன்பதில் நிறுத்திவிட்டு, “அடுத்த எண் பெயரில் மட்டும் நூறு, கையில் ஒன்பது பத்துதான்” என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். பத்து ரூபாய்த் தாள் ஒன்பதைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது. தொள்ளாயிரத்துக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் நூறு ரூபாய்த் தாள் ஒன்பது வேண்டும், மாதக் கடைசியில் முயல வேண்டாம்.

அடுத்தது கழித்தல். இதில் பொறுமை வேண்டும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் பாதி வகுப்பு 35 என்று எழுதும். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைப் போக்கிவிடுகிறார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்! உடனே வீட்டில், “பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு” என்று சொல்லிக்கொடுப்பார்கள். நாம் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி என்னிடம் கேட்டாள்: “வாங்கிய கடனை எப்போது டீச்சர் திருப்பிக் கொடுப்பது?” அவள் அம்மா மகளிர் குழுவில் வாரத் தவணை கட்டுபவர். கடன் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். வாங்கியது ஒன்று, வந்தது எப்படிப் பத்தானது என்பதும் அவளுக்குச் சந்தேகம். அந்த வட்டி எந்தக் குழுவிலும் இல்லையே.

புத்தகம் இதை இனமாற்றம் என்று சொல்கிறது. கொஞ்சம் கரடுமுரடான சொல்தான், ஆனால் உண்மையைச் சொல்லும் சொல். பழைய விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஒரு விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இப்போது பிள்ளையிடம், “எனக்கு 27 கொடு” என்று கையை நீட்டுங்கள். வேறு எதுவும் சொல்லக்கூடாது. இதுதான் கடினம், நமக்கு வாய் சும்மா இருக்காது. பிள்ளை இரண்டு கட்டைக் கொடுக்கும். பிறகு உதிரியைப் பார்க்கும், இரண்டுதான் இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் சுவரைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். அந்தக் கணம்தான் பாடம். கட்டு உதிர்ந்து பத்து உதிரி ஆகிறது, முன்பிருந்த இரண்டோடு பன்னிரண்டு. ஏழைக் கொடுத்துவிட்டால் ஐந்து மிச்சம். கட்டு இரண்டு மிச்சம். 25.

மூன்று நாள் குச்சி மட்டும். நோட்டு வேண்டாம். நான்காம் நாள் குச்சியையும் வைத்துக்கொண்டு எழுதட்டும். குச்சியை எப்போது விடுவது என்று பிள்ளையே சொல்லும். வகுப்பில் நான் இனமாற்றக் கழித்தலைத் தொடங்குவதற்கு முன் உங்கள் பிள்ளை இந்தக் கட்டு அவிழ்க்கும் விளையாட்டை நான்கு முறை ஆடியிருந்தால் என் வேலை பாதி முடிந்தது. எழுதும் முறையை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள், அதை என்னிடம் விடுங்கள்.

வாய்ப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை. குறுவை அறுவடை முடிந்த கையோடு இந்தப் பருவம் தொடங்குகிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. நான்காம் வாய்ப்பாட்டில் மூன்றைத் தாண்டாத ஒரு பையனிடம், மூன்று சிப்பம் எத்தனை கிலோ என்று கேட்டேன். கண் இமைக்காமல் 120 என்றான். ஐந்து சிப்பம்? 200. அப்பாவோடு களத்தில் நின்றவன். 40, 80, 120, 160 என்று பலகையில் எழுதிவிட்டு, பூச்சியங்களை மட்டும் கையால் மறைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது நாலாம் வாய்ப்பாடா?” என்றான், ஏதோ ஏமாற்றப்பட்டவன் மாதிரி. உங்கள் வீட்டில் பால் ஊற்றுகிறீர்களா, பூக் கட்டுகிறீர்களா, இட்லித் தட்டில் எத்தனை குழி? அதற்குள் ஒரு வாய்ப்பாடு இருக்கும். அதைப் பிள்ளை ஏற்கெனவே பாதி கற்றிருக்கும்.

தகவல் செயலாக்கம் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படும் பெற்றோர் உண்டு. எண்ணியதைக் கோடு போட்டுக் குறித்து வைப்பதுதான் அது. நான்கு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போட்டு ஒரு கட்டு. இந்தப் பருவம் முழுக்க வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை பெய்த நாளெல்லாம் காலண்டருக்குப் பக்கத்தில் பிள்ளை ஒரு கோடு போடட்டும். மாதம் முடிந்ததும் எண்ணச் சொல்லுங்கள். காலம், எண், தகவல் மூன்று தலைப்பும் ஒரே சுவரில் முடிந்துவிடும். அமைப்புகளுக்கு மார்கழி வருகிறது. ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நான்கில் முடியும் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டுப் பாருங்கள். 37. நீங்களும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளை முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலமும் மற்றதும்

ஆங்கிலத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத ஆங்கிலத்தைத் தெரிந்தது போலச் சொல்லிக்கொடுப்பதுதான் கெடுதல். எழுத்தின் பெயர் வேறு, அது எழுப்பும் ஒலி வேறு. வகுப்பில் நாங்கள் ஒலியைத்தான் முதலில் பழக்குகிறோம். ஆகவே சாயங்காலம் பிள்ளையிடம், “இன்றைக்கு என்ன ஒலி படித்தாய், எனக்குச் சொல்லிக்கொடு” என்று கேட்டு மாணவியாக உட்காருங்கள். தப்பாகச் சொன்னால் பிள்ளை திருத்தும். அந்தச் சந்தோஷத்துக்காகவே மறுநாள் வகுப்பில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும்.

சூழ்நிலையியலில், அறிவியலில், செடி, நீர், உணவு, பறவை, உடல் என்று வரும். எனக்கு இதில் ஒரே ஒரு கோபம், கடையில் விற்கும் படத்தாள். பறவைகள் ஒரு தாள், காய்கறிகள் ஒரு தாள், வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. ஒட்டுவதும் அம்மா. கொக்கும் நீர்க்காகமும் வயலில் வந்து நிற்கும் ஊரில், கத்தரிக்காயைக் கொல்லையில் வைத்துக்கொண்டு, படத்தை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? நான் கேட்பது, பிள்ளை தானே வரைந்த ஒரு கோணல் கத்தரிக்காய். வரையாவிட்டால் காயையே கொண்டுவரட்டும், சத்துணவுக்கு ஆகும்.

வீட்டுப்பாடம் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. நான் கொடுப்பதில்லை. பக்கத்துத் தனியார் பள்ளிப் பிள்ளை இரண்டு பக்கம் எழுதுகிறதே என்று என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

மழைநாளும் விட்டுப்போன நாளும்

மூன்று பருவத்தில் வருகை அதிகம் அடிபடுவது இதில்தான். மழை விடுமுறை, தீபாவளிக்கு மாமா வீடு, காய்ச்சல், சம்பா நடவுக்கு அம்மா போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்பது. கடைசியாகச் சொன்னதை நான் கேள்வியே கேட்காமல் புரிந்துகொள்கிறேன், ஆனால் இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளைக்கு நான்காம் நாள் வகுப்பில் பேசும் மொழியே வேறாகத் தெரியும்.

வராத நாளுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒரு தொலைபேசி. “நேற்று எதில் இருந்தீர்கள்?” என்று கேளுங்கள், ஒரு வரியில் சொல்வேன். செய்யக்கூடாதது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பயிற்சி நூலை வாங்கி, விட்டுப்போன பக்கங்களைப் பார்த்து எழுதி நிரப்புவது. அழகாக நிரப்பிய பக்கத்தைப் பார்த்தால் பிள்ளைக்குத் தெரியும் என்று நம்பி நான் மேலே போய்விடுவேன். வெற்றுப் பக்கம் இருந்தால் இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் நான் நிறுத்துவேன்.

மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீடு, 60 தொகுத்தறி மதிப்பீடு. டிசம்பரில் எழுதும் தேர்வு அந்த அறுபது. நாற்பது என்பது அக்டோபரிலிருந்து வகுப்பில் செய்வது, பேசுவது, வரைவது, கொண்டுவருவது. தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கும் வீட்டில் நாற்பது கோட்டைவிட்டுப் போயிருக்கும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பள்ளி திறக்கும் அன்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு நூறு ஈர்க்குச்சியும் பத்து ரப்பர் பேண்டும் கொண்டுவரட்டும். குச்சி எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும், நுனியை மழுக்கிவிடுங்கள். போன ஆண்டு ஒரு பையன் அம்மாவின் புது விளக்குமாற்றை முழுதாகவே உருவிக்கொண்டு வந்துவிட்டான், அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் எனக்குக் கிடைத்த வசவு தனிக் கதை. பழையது போதும்.